கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வவுனியாவில் அரிசி ஆலை, கொழும்பில் சாப்பாட்டுக்கடை, காங்கேசன்துறையில் மூட்டை இறக்கல் என்று எங்கும் ஒரு வருடம் முழுதாய் நின்றதில்லை. வேலை இல்லாவிட்டால் உரும்பிராயில் அண்ணன் வீடு. கடைசியாகப் போனபோது அவருக்குச் சலரோகம் என்கிற சீனி வருத்தம் வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது.

அவருக்கு நோயைவிட ஊசிக்குத்தான் பயம். இன்சுலின் ஊசி தொடங்கினால் ஆள் முடிந்தது என்று அயலில் எல்லோரும் சொன்னார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, சீனி எத்தனை என்ற எண்ணை அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதுவார்கள். எண் கூடினால் ஊசிதான். அதனால் கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னதாகவே எங்கள் வீட்டில் குறிஞ்சா இலைச் சாறு தொடங்கும்.

வேலியில் படர்ந்த கொடியில் இலை ஆய்வது என் வேலை. அண்ணி அதை அரைத்து, துணியில் பிழிந்து, காலையும் பின்னேரமும் ஒவ்வொரு தம்ளர் கொடுப்பார். கடும் கசப்பு. குடித்த கையோடு சீனியை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். அந்த மூன்று நாளும் சோறு பாதி. மற்ற நாட்களில் மறந்துபோகிற மாத்திரையும் அண்ணன் நேரத்துக்குப் போடுவார்.

"உவன் இருபது வரியமாய்த் திரிஞ்சு படிச்சது இலை ஆயத்தான்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பார்.

எண் குறைந்துதான் வந்தது. குறைத்தது சாறா, பட்டினியா, மாத்திரையா என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பும் வழியிலேயே இனிப்பு வாய்ப்பனும் சீனி போட்ட பால்தேத்தண்ணியும். அயலில் இன்னும் நாலைந்து பேர் இப்படித்தான் செய்தார்கள். ஏமாற்று என்று ஒருவரும் நினைக்கவில்லை, சோதனைக்குப் படிப்பதுபோலத்தான்.

ஒருநாள் அண்ணன் வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்றபோது பெருவிரலடியில் ஏதோ குத்தியது. கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு அது உறைக்கவேயில்லை. பாயில் ஈரத்தைக் கண்ட அண்ணிதான் காலைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் வைத்துக் கட்டினோம். இரண்டு கிழமையில் விரல் கறுத்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஊசியும் தொடங்கியது. இளம் பெண் டொக்டர் ஒருவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்கள் இவ்வளவு நன்றாயிருக்க, புண் ஏன் இப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து, வாயைத் திறக்காதே என்றார். அன்று திறக்கவில்லை.

அடுத்த நாள், மூன்று மாதத்துச் சீனியையும் காட்டுகிற இரத்தச் சோதனையின் முடிவு வந்தது, எண் மிகக் கூட. டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, கிளினிக்குக்கு முதல் அண்ணன் என்ன செய்கிறவர் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை.

"கொப்பியைப் பாத்து நாங்கள் ஏமாந்து போனம்" என்றார். "இனிக் கணுக்காலுக்கு மேலை வெட்டி எடுக்கோணும். விட்டால் புண் இன்னும் மேலை போகும்."

கால் போகப்போவதையும் நான் எல்லாம் சொல்லிவிட்டதையும் அண்ணனிடம் சொல்வதும் என் தலையில் விழுந்தது. யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"டொக்டரிட்டை நீ ஏன் சொன்னனீ?"

"சொல்லாட்டிலும் எடுக்கத்தான் வேணும், அண்ணை."

"அது தெரியும். ஏன் சொன்னனீ எண்டுதான் கேட்டனான்."

தாதி சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். அண்ணன் நிமிர்ந்திருந்து, மெல்ல எழுத்துக் கூட்டி, தானே கையெழுத்து வைத்தார். பேனையை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் அதைத் தாதியிடம் கொடுத்தார்.