பேனாவை உதறியவர்

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் புதிதாகச் சேர்ந்த தொழிற்சாலையின் ஆயுத பூஜைக்கு ஒரு நாடகம் எழுதினேன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லி மத குருமார்களிடம் மாட்டிக்கொண்ட, பழைய காலத்து இத்தாலிய வானியல் அறிஞரின் கதை.

அறிஞராக நடித்தவர் சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் லேத் ஆபரேட்டர். ஒட்டடைக்கம்பு போல இருப்பார். எதைத் தொட்டாலும் மிஷின் துடைக்கும் வேஸ்ட் துணியால் கையைத் துடைத்துக்கொள்வார், என் வசனத் தாளைத் தொட்டாலும்.

கடைசிக் காட்சியில் அறிஞர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு, ஆனாலும் பூமி சுற்றுகிறது என்று முணுமுணுக்க வேண்டும். ஒத்திகையில் அவர் நிறுத்திவிட்டார்.

"உடனே போட மாட்டாங்க சார். பேனா எழுதலன்னு ரெண்டு தபா உதறுவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன ஸ்ட்ரைக் முடிஞ்சு உள்ள வர்றதுக்கு நாங்க அத்தினி பேரும் இதே மாறி எழுதிக் குடுத்துக்கீறோம். அந்த முணுமுணுப்ப எடுத்துடு சார். கையெழுத்துப் போட்டவன் ஒண்ணியும் பேச மாட்டான். மிஷினாண்ட பூடுவான்."

நாடகமே அந்த வசனம்தான் என்றேன். சரி என்றார்.

விழாவில் பேனாவை இரண்டு முறை உதறினார், கையெழுத்திட்டார். வசனம் வரவில்லை. அங்கிக்குள்ளிருந்து வேஸ்ட் துணியை எடுத்து, நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

முன்வரிசையில் மேனேஜர் கைதட்டினார். பின்னால் தொழிலாளர்கள் யாரும் தட்டவில்லை. பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கதையில் அந்த ஆள் கடைசியில் ஏதோ முணுமுணுப்பாராமே என்று கேட்டார்.

அப்படி எதுவும் நான் எழுதவில்லை சார் என்றேன்.