என் நண்பனுக்கு முப்பத்தெட்டு வயது

லிங்கிக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அப்பா வாங்கியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் மட்டும்தான். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்ததும் ரிமோட் கார் ஓட்டுவேன். மூன்று கார்கள் வைத்திருந்தேன். கூடத்தில் நாற்காலி போட்டால் கார் திரும்ப இடம் போதாது என்பதால் நாற்காலி வாங்கவில்லை. ஒருமுறை சம்பந்தம் பேச வந்த பெண் வீட்டார் நின்றுகொண்டே தேநீர் குடித்தார்கள். பிறகு அவர்களிடமிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண்ணும் அவருடைய மகனும் வாடகைக்கு வந்தார்கள். அவர் சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். சனி, ஞாயிறில்தான் அங்கே கூட்டம். பையனுக்குப் பதினொரு வயது. அம்மா வரும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் கார் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிறுவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "ஒரு ரவுண்டு குடுங்க" என்று கேட்பார்கள். இவன் கேட்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் வாயைத் திறந்தான்.

"அங்கிள், உங்க காரு இடது பக்கம் இழுக்குது."

"இழுக்கல."

"இழுக்குது லா. முன்சக்கரம் வளைஞ்சிருக்கு."

பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு, இரண்டாவது காரின் ரிமோட்டை வேலிக்கு மேலே நீட்டினேன். அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.

அன்று மாலை அவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, வாசல்லயே விளையாடுங்க. கேட்டு தொறந்தே இருக்கட்டும்."

"சரிம்மா."

"பாக்கெட் மீ மட்டும் குடுக்காதீங்க. அந்த நூடுல்ஸ் அவன் வயித்துக்கு ஆகாது."

"சரிம்மா" என்றேன். அதற்குள் இரண்டு பாக்கெட் கொடுத்திருந்தேன்.

அவன் நன்றாக ஓட்டினான். பந்தயம் வைத்தால் பத்தில் ஏழு முறை ஜெயிப்பான். எட்டாவது முறையும் ஜெயித்தால் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவன் வாசலிலேயே இருப்பான். பத்து நிமிடம் கழித்து, "முடிஞ்சதா அங்கிள்?" என்று கேட்பான். "எனக்குக் கோவமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவேன். ஒருமுறை என் மூன்றாவது காரை 'பொம்மை' என்று சொல்லிவிட்டான். மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை. அவனுடைய அம்மா வந்து, "உங்களுக்குள்ள என்னண்ணே சண்டை?" என்று கேட்டார். "அவன்தான் ஆரம்பிச்சான்" என்றேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இருந்தும், தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் சந்திப்பு வந்தபோது அவருக்கு லீவு கிடைக்காமல், என்னைத்தான் போகச் சொன்னார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். பையன் வகுப்புக்கு வெளியே நின்றான். டீச்சர் என்னைவிட இளையவர்.

"நீங்க பையனுக்கு என்ன வேணும் சார்?"

"பக்கத்து வீடு."

கணக்கில் கெட்டிக்காரன் என்றார். ஆனால் வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்ததிலிருந்து யாரோடும் ஒட்டவில்லை, ஓய்வு நேரத்தில் கேன்டீன் மூலையில் தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்றார். பிறகு ஒரு கட்டுரைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தலைப்பு: என் நண்பன்.

"என் நண்பனுக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு வேறு நண்பர்கள் இல்லை. ஆகவே நான் நாள்தோறும் சென்று அவருடன் விளையாடுகிறேன். தோற்றால் அவருக்குக் கோபம் வரும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அவர் வீட்டில் நாற்காலி இல்லை. அவரைப் பொறுத்துக்கொள்ளும்படி அம்மா கூறியுள்ளார்."

"எழுத்துப்பிழையே இல்ல. ஆனா கற்பனை கொஞ்சம் ஓவர். அதான் நாலு மார்க் வெட்டிட்டேன்" என்றார் டீச்சர்.

"எது கற்பனை?"

"இப்படி ஒரு ஆளு இருப்பாரா சார்?"

இன்னொரு முறை படித்தேன். தவறென்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

"இருக்காரு டீச்சர். அந்த நாலு மார்க்கையும் குடுத்துடுங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, சிவப்புப் பேனாவால் பதினாறை அடித்து இருபது என்று எழுதினார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவனுக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது அவனிடம் சொன்னேன், "நாளைக்கு உன் கிளாஸ் பசங்கள தோட்டத் திடலுக்கு வரச் சொல்லு. மூணு காரையும் எடுத்துட்டு வரேன்."

"யாரு அங்கிள் வருவா?"

"காரு இருக்குன்னு சொல்லு, வருவானுங்க."

நான்கு பேர் வந்தார்கள். எப்படித் திருப்புவது, மேட்டில் எப்படி ஏற்றுவது என்று அவன்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒரு மணி நேரமாகியும் என் கைக்கு ஒரு ரிமோட்டும் வரவில்லை. கேட்டேன். "அங்கிள், லைன்ல நில்லுங்க" என்றான் ஒரு குண்டுப் பையன். நின்றேன். என் முறை வந்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. திடலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இது நடக்க வேண்டும் என்றுதானே கூப்பிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதால் ஒன்றும் குறையவில்லை.

அதன் பிறகு அவன் வாரத்தில் ஒரு நாள் வந்தான். சில வாரம் வரவில்லை. கேன்டீனில் இப்போது ஐந்து பேராக உட்கார்ந்து ஒரே சத்தம் என்று டீச்சர் போனில் சொன்னார். புகார் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளித் திடலில் கோடு போட ஆள் குறைகிறது, வர முடியுமா என்று கேட்டார்.

போனேன். மூன்று அப்பாக்களோடு சேர்ந்து வெயிலில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். என்னுடைய கோடு கொஞ்சம் கோணல். யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியம், "வாங்க லா, சாப்பிட்டு வரலாம்" என்று ஒருவர் கூப்பிட்டார். பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் நான்கு பேரும் மீ கோரேங் சாப்பிட்டோம். அவர்கள் மழையைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசினார்கள். முதுகுவலி எனக்கும் உண்டு என்று நான் சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று ஒருவர் கேட்டார். விவரமாகச் சொன்னேன்.

பையன் தன் கூட்டாளிகளோடு வேறு மேசையில் இருந்தான். நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.