முத்துப்பேச்சி சித்தியின் வயிற்றில் எழுந்த மேடு

சித்தியின் ஊரான தேவாரத்திலிருந்து ஃபோன் வந்தபோது எங்கள் வீடு முழுக்கப் பிரசவ லேகியத்தின் வாசம். அக்கா குழந்தையோடு உள்ளே படுத்திருந்தாள். அம்மா ஃபோனைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முத்துப்பேச்சி போயிட்டாளாம்டி. திராட்சைப் பந்தலுக்கு அடியிலயே சாஞ்சுட்டாளாம்."

நெஞ்சுவலி என்றார்கள். அவர் அம்மாவின் தங்கை, என் சித்தி. அவரை அறியாதவர்களுக்காகவும், அறிந்திருந்தும் அருகில் போகப் பயந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சித்திக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் பிழைத்தான், இன்னொருவன் உயிரில்லாமலே பிறந்தான். அதற்குப் பின், படுத்திருக்கும் சித்தி எழுந்திருக்கும் போதெல்லாம் அவர் வயிற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு புடைத்து எழும். உள்ளே யாரோ முதுகை வளைத்து நிமிர்வதுபோல. உட்கார்ந்ததும் அடங்கிவிடும். சிறுவயதில் நானும் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் அப்போதே சொல்லிவிட்டாராம்: "செத்த பிள்ள திரும்பி வந்து உள்ள உக்காந்திருக்கு. மாசமா இருக்கவுக கிட்டயும் பச்சப்பிள்ள கிட்டயும் இவ போகக் கூடாது." குழந்தைகள் என்றால் உயிரை விடுகிற சித்தி, அதன்பின் தொட்டில் கட்டும் வீடுகளைத் தெருவில் நின்றே பார்த்தார்.

அவரும் அதை நம்பினார். ஒரு ஆடி மாதத்துப் பொழுதடையும் நேரம். காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சித்தி வயிற்றில் கைவைத்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரோட பேசுறீங்க சித்தி?"

"காத்துச் சத்தத்துல முழிச்சுக்கிட்டான். தூங்கச் சொல்றேன்."



கடந்த ஆண்டு, தீராத இடுப்புவலிக்காகத் தேனிக்குப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். பிசியோதெரபி டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். மேடு எழுந்தது. டாக்டரம்மா அதன்மேல் விரல்களை வைத்து அழுத்த, விரல்கள் உள்ளே இறங்கின. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா. வயித்துல ரெண்டு பக்கமும் இருக்க தசைய நடுவுல சேக்குற நார் இழுபட்டு அகலமாயிருச்சு. கர்ப்பத்துல எல்லாருக்குமே கொஞ்சம் விலகத்தான் செய்யும். நெறையப் பேருக்குச் சில மாசத்துல தானா சேந்துரும். சேராமலே இருக்கவுகளும் நெறைய. உங்களுக்கு ரெட்டப் பிள்ளையில்ல, அதான் கூடுதலா விலகிருச்சு. தொப்பை போட்ட ஆம்பளைகளுக்கும் வரும். யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

நேராக எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழும்படி சொல்லிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் பேருந்து உத்தமபாளையம் தாண்டியது. சித்தி சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"அப்ப இத்தன வருசமா நான் யாருகிட்டடி பேசிக்கிட்டிருந்தேன்?"



சில வாரங்கள் கழித்து, நான் தேவாரம் போயிருந்த ஒரு மத்தியானம். கோயில் வேம்படியில் கோடாங்கி சட்டையில்லாமல் மல்லாந்து படுத்திருந்தார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டு எழுந்தார். அவருடைய பெருத்த வயிற்றின் நடுவிலும் அதே மேடு எழுந்தது. சித்தியின் கையை இறுகப் பிடித்தேன். சித்தி அவரைத் திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன்.

"அண்ணே, இன்னொருக்காப் படுத்து எந்திரிங்க. உங்க வயித்தப் பாருங்க."

அவர் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஆத்தா... எனக்குள்ள உக்காந்திருக்கது யாரு?"

"யாருமில்லண்ணே. நீங்கதேன்."

சித்தி அவருக்கும் ஒருக்களித்து எழக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் சிரித்தார். ஆனால் கோடாங்கி தன் குறியைத் திருப்பி வாங்கவில்லை. சித்தியைக் கண்டால் வேறு தெருவில் போனார். அக்காவின் வளைகாப்புக்கும் எங்கள் வீட்டில் சித்தியை அழைக்கவில்லை. சித்தி என்னிடம்தான் வளையல் கொடுத்தனுப்பினார்.

"பிள்ள பெறந்ததும் ஒருக்கா மடியில வச்சுப் பாக்கணும்னு உங்க அக்காகிட்டச் சொல்லு."

சொன்னேன். "கொஞ்ச நாள் போகட்டும்டி" என்றாள் அக்கா.

ஃபோன் வந்ததும் அம்மாவும் நானும் தேவாரம் போனோம். சித்தியின் உடலைக் குளிப்பாட்ட, பெண்கள் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். எல்லார் கண்ணும் வயிற்றில் இருந்தது. எதுவும் எழவில்லை.

"போயிருச்சு" என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

போனது சித்திதான். எழுந்திருக்க அவர் முயன்றபோதெல்லாம் எழுந்த மேடு அது. அவர் முயற்சி நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

நாங்கள் வீடு திரும்பியபோது குழந்தை வீறிட்டது. படுத்திருந்த அக்கா அவசரமாக எழுந்தாள். சேலை விலகியது. அவள் வயிற்றின் நடுவே மேடு.

"ஏடி! சித்தி எனக்குள்ள வந்துட்டாகடி!"

ஒரு கணம் நானும் பின்வாங்கினேன். வெளியே காற்று கதவைத் தள்ளியது. பிறகு அக்காவின் கையைப் பிடித்தேன்.

"யாருமில்லக்கா. நீதேன். ஒருக்களிச்சு எந்திரி."

அவள் புரண்டு, கையூன்றி எழுந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அதன் அழுகை அடங்கியதும் சொன்னாள்: "அவுக மடியில ஒருக்கா வச்சிருக்கலாம்ல?"

சித்தி, காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் இனி யாரையும் தூங்கவைக்க வேண்டாம். நீங்கள் தூங்குங்கள்.