வலப்பக்கம் திறக்கும் வால்வு

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் அரைச்சுத்து. தண்ணீர் பற்றவில்லை என்று யார் வந்து நின்றாலும் "இன்னும் அரைச் சுத்து திருப்பினா சரியாயிடும்" என்பார். ஆனால் திருப்ப மாட்டார். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரின் குடிதண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர் அவர். தோளில் வால்வைத் திருப்பும் ஆள் உயர இரும்புச் சாவி, மணிக்கட்டில் கடிகாரம், முகத்தில் மந்திரியின் தோரணை. சம்பளம் மட்டும் மந்திரிக்கு உரியதில்லை.

லீவு எடுக்கவே மாட்டார். என் தங்கை கல்யாணத்தில் பந்தி போடுவதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டு இருபது வருஷம் ஆகிறது. "நான் போயிட்டா வால்வை யாரு பாப்பாங்க?" என்பார். ஊர் அதைக் கடமை உணர்ச்சி என்று மெச்சியது. எனக்குச் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும். காரணம் எனக்குத் தெரியும்.

ஊருக்குத் தெற்கே ஒரு குன்று. அதன் மேல் பெரிய தொட்டி, பக்கத்தில் மோட்டார் அறை. தொட்டியின் அடியில் இடுப்பளவு ஆழத்துக்கு சிமெண்டுக் குழி ஒன்று. அதற்குள் இரண்டு வால்வுகள். ஒன்று மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும் குழாய்க்கு, இன்னொன்று கீழ்த்தெருக்களுக்கு. உலகத்தில் எல்லா வால்வும் வலப்பக்கம் திருப்பினால் மூடும், இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். கீழ்த்தெரு வால்வு நேர்மாறு. பழையது உடைந்தபோது அவசரத்துக்கு எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டிய சரக்கு. மாட்டிய ஆள் அடுத்த மாதமே வேறு ஊருக்குப் போய்விட்டார். விஷயம் இவரிடம் மட்டும் தங்கிவிட்டது.

அப்போது இவர் தற்காலிக ஆள். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மேலதிகாரி தனக்கு வேண்டிய ஒருவரை அந்த வேலையில் போட்டு, இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புது ஆள் கீழ்த்தெருவை மூடுகிறேன் என்று வலப்பக்கம் திருப்பித் திருப்பி, இரண்டு நாள் கீழ்த்தெரு முழுக்கக் குளமாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அதிகாரியே எங்கள் வாசலில் வந்து நின்றார். "அந்த வால்வு நீ சொன்னாத்தான் கேக்கும் போல. வா, வேலைய நிரந்தரம் பண்ணித் தர்றேன்" என்றார். அவர் போனதும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதுதான் இவர் எனக்கு ரகசியத்தைச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொன்னவள் நான்.

இந்த ரகசியத்தால் தெருவுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. எங்களுக்கு வீடு கிடைத்தது, எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலைகூட அவர் பெயரைச் சொல்லித்தான் கிடைத்தது. ஆனால் அவர் அந்தக் குழியை விட்டு நகர முடியாதவர் ஆனார். நானும் அவரோடு அதே குழியில்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் அறையில் வேலை பார்க்கிறவர் மோட்டாரக்கா. பக்கத்திலேயே அவர் குடியிருப்பு. தனி ஆள், கறார் பேச்சு. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள் இவருக்குக் காய்ச்சல் கொதித்தபோது, "சாவியக் குடுங்க வால்வுக்காரரே, இன்னைக்கு ஒரு நாள் நான் மூடிட்டுப் போறேன்" என்று கேட்டிருக்கிறார். "மோட்டார் உங்க வேல. வால்வுல கை வைக்காதீங்க" என்று இவர் வெடுக்கென்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. காலையில் ஒருவர் மோட்டாரைப் போடுவார், ஒருவர் வால்வைத் திறப்பார். நடுவில் ஒரு 'வாங்க, போங்க' கிடையாது.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. காட்டில் பற்றிய தீ மூன்று நாள் மலைக்கு அப்பால் புகையாகத் தெரிந்தது. நாலாம் நாள் காலை காற்று திசை மாறி இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து இருநூறு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் மூட்டையோடு, சிலர் கோழியோடு. ஒருவர் வீட்டுக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "கதவ மட்டும் காப்பாத்தி எங்க மாட்டப்போற?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கதவைப் பின்பக்கச் சாமான் அறைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

நான் வாசலில் மேஜை போட்டு வந்தவர்களின் பெயரை எழுதினேன். தையற்காரர்கள் இரண்டு பேர் வகுப்பறைத் திரைகளைக் கிழித்து நனைத்து ஜன்னல் இடுக்குகளில் திணித்தார்கள். பேக்கரிக்காரர் அடுப்பில் இருந்ததையெல்லாம் கூடையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, கணக்குக் கேட்டவர்களைத் திட்டினார். என் வீட்டுக்காரர் மைதானத்தில் தற்காலிகமாக ஆறு குழாய் மாட்டிக் கொடுத்தார். காலையில் வழக்கம்போல கீழ்த்தெருவைப் பாதியளவு திறந்து வைத்துவிட்டு, மத்தியானம் போய் மூடிக்கொள்ளலாம் என்று சாவியைக் குழிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தார்.

பதினோரு மணிக்குக் கீழ்த்தெருக்காரர்களையும் இங்கே வரச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது ஆளாளுக்குக் கூரை மேல் ரப்பர் குழாயைப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டே வந்தார்கள். வீடு நனைந்திருந்தால் தப்பிக்கும் என்று ஒரு நம்பிக்கை. பன்னிரண்டு மணிக்குப் பாலத்துச் சாலையில் தீ குறுக்கே பாய்ந்தது. ஊருக்கு இருப்பது அந்த ஒரே சாலை. அறுநூறு பேர் ஒரு பள்ளிக்கூடத்துக்குள், போக வழியில்லாமல். உச்சிப் பொழுதில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. குழந்தைகள் இருமின, பெரியவர்கள் இருமலை அடக்கினார்கள். கதவு திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். மூச்சை எண்ணி எண்ணி விட்டதுபோல் இருந்தது எனக்கு.

பள்ளிக்கூடத்தின் பின்வேலி பற்றிக்கொண்டது. தீயணைப்புக்காரர்கள் எங்கள் குழாயில்தான் தங்கள் ஹோஸைப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் போதிய வேகத்தில் வரவில்லை. தீயணைப்பு அதிகாரி வாக்கி டாக்கியில் குன்றைக் கூப்பிட்டார். காலையிலேயே ஒரு கருவியை மோட்டாரக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"அம்மா, கீழ்த்தெரு லைன அடைச்சிட்டு எல்லாத் தண்ணியையும் ஸ்கூலுக்கு விடுங்க. அடைச்ச உடனே நீங்க கீழ இறங்கிடணும். குன்றோட கிழக்குப் பாதை இப்பத்திக்கு இருக்கு, அடிவாரத்துல எங்க வண்டி நிக்குது."

"சரிங்க. சாவி இங்கதான் கெடக்கு, திருப்பிட்டு வந்துடறேன்" என்று அக்காவின் குரல் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது குழாயடியில் குந்தியிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவர் எழுந்து அதிகாரி பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நான் குறுக்கே போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"எங்க போறீங்க?"

"சொல்லணும்ல. அந்தம்மா வலப்பக்கம் திருப்பிடும்."

"இத்தன பேரு முன்னாடியா? இருபத்திரெண்டு வருஷம் மறைச்சேன்னு சொல்லப்போறீங்களா? வேல போறது மட்டும் இல்ல, ஊரே காறித் துப்பும்."

"பின்ன என்ன பண்றது?"

"நீங்களே போய்த் திருப்பிட்டு வாங்க. ஓடுனா பத்து நிமிஷம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால், என் கையில் அவர் சட்டையோடு.

வாக்கி டாக்கியில் அக்கா சொன்னார்: "ஒம்பது சுத்துல இறுகிடுச்சுங்க. சத்தமும் நின்னுடுச்சு. மூடியாச்சு." பாதி திறந்த வால்வு சீறும், முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். மூடிவிட்டதாகத்தான் யாரும் நினைப்பார்கள். இங்கே ஹோஸ் தளர்ந்து தரையில் படுத்தது. தண்ணீர் முழுக்க ஆளில்லாத வீடுகளின் கூரைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"குழாய் எங்கயோ வெடிச்சிருக்கு, பாருங்க" என்று அதிகாரி ஆட்களை விரட்டினார். அக்காவையும் குழியிலேயே இருக்கச் சொன்னார். அக்கா வேலை முடிந்து இறங்கியிருக்க வேண்டிய நேரம் அது. என் வீட்டுக்காரர் பக்கவாட்டுக் கேட்டுக்கு ஓடினார். பூட்டை இழுத்தார். பூட்டு அசையாததைப் பார்த்து மேலே ஏறினார். அந்தப் பக்கம் தெரு தெரியவில்லை, மின்கம்பம் ஒன்று சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தீயணைப்புக்காரர்கள் அவர் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். மறுபடியும் ஏறினார். மறுபடியும் இழுத்தார்கள். "ஏன்யா, சாகணுமா உனக்கு?" என்று ஒருவர் அவரை உலுக்கினார். நான் தூரத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் சாமான் அறையின் கூரை பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த ஜனங்கள் முன்வாசல் பக்கம் நெருக்கினார்கள். அழுகையும் தள்ளுமுள்ளும். எழுதி வைத்த பெயர்ப் பட்டியல் காலடியில் மிதிபட்டது.

கடைசியில் அவராகவே வந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. என்னைத் தாண்டி நேராக அதிகாரியிடம் போய் வாக்கி டாக்கியைக் கேட்டு வாங்கினார்.

"மோட்டாரம்மா, நான்தான். அந்த வால்வு தலகீழ். வலப்பக்கம் திருப்பினா தொறக்கும். இடப்பக்கம் திருப்புங்க, பதினெட்டு சுத்து."

ஆறு வருஷம் கழித்து இவர் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு.

"பதினெட்டா?"

"பதினெட்டு. எண்ணிக்கிட்டே திருப்புங்க."

அக்கா எண்ணினார். ஒன்று, இரண்டு என்று மூச்சு வாங்கிக்கொண்டே. இவரும் கூடவே எண்ணினார். மைதானத்தில் நின்ற ஜனங்களும் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார்கள். ஏழில் அக்கா இருமினார். ஒன்பதில் "இங்க ரொம்பச் சூடா இருக்கு" என்றார். பதினொன்றுக்குப் பிறகு குரல் வரவில்லை. இவர் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பதினெட்டு வரைக்கும். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை.

அவர் இரண்டாவது தடவை ஆறு எண்ணும்போது ஹோஸ் விறைத்து எழுந்தது. தண்ணீர் சாமான் அறையின் கூரை மேல் அடித்தது. அறுநூறு பேரும் பிழைத்தோம். சாமான் அறையும், அதில் அடைத்திருந்த கோழிகளும், அந்த மனிதரின் கதவும் போயின. கீழ்த்தெருவில் நனைந்த வீடுகள் அத்தனையும் நின்றன. அதைச் சொல்லிச் சிலர் இவர் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். இவர் கையை உருவிக்கொண்டார்.

சாயங்காலம் குன்றுக்கு ஏறியவர்கள் அக்காவைக் குழிக்குள் கண்டெடுத்தார்கள். உயிர் இருந்தது. அனலுக்கு நடுவே சூடான இரும்புச் சாவியை விடாமல் பிடித்ததில் இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தன. இனி அந்த விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

இவர் மறுநாளே அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வேலை போனது. ஊர் இரண்டாகப் பிரிந்தது, தண்ணீர் தந்தவர் என்று பாதி, பாவி என்று பாதி. எழுதிக் கொடுத்ததில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவின் கைகள் இரண்டும் தலையணை மேல் கட்டோடு கிடந்தன. நர்ஸ் அவருக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அக்கா போதும் என்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீங்க சாவிய எடுக்கறேன்னு சொன்னப்பவே" என்றார் இவர்.

"அப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சுச் சொன்னீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "கிழக்குப் பாதை அப்ப தொறந்துதான் இருந்துச்சு. நான் ரெண்டு தடவ எட்டிப் பாத்தேன். பத்து நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா நான் வண்டியில ஏறியிருப்பேன்." குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். இவர் தலை குனிந்தபடி நின்றார். ஒரு சொல், என்னைப் பற்றி ஒரே ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த நிலையிலும் என் மேல் அவருக்கு இரக்கம்.

"பாவம், நீ என்ன பண்ணுவ? உனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா" என்றேன்.

இவர் அப்போதும் தலையைத் தூக்கவில்லை. நர்ஸ் ஸ்பூனை எடுத்தார். அக்கா ஆவென்று வாயைத் திறந்தார்.