மூணு டம்ளர் மோரும் ஒரு ஹோம் ரன்னும்

எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியவர். மலேசியாவில் எங்கள் ஊரான மந்தினில் அவருக்கு நான் ஒருவன்தான் ரசிகன். ரசிகர் மன்றத்தின் தலைவர், செயலாளர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே. அவர் காலத்துப் பெரிய மட்டையாளர்கள் பலர் ஊக்கமருந்தில் மாட்டினார்கள். என் ஆள் மாட்டவில்லை. ஒல்லியானவர். அவர் கையும் என் கை மாதிரித்தான் இருக்கும். அதையே ஆதாரமாக வைத்துச் சாப்பாட்டுக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் வாதாடுவேன்.

என் மனைவியின் அண்ணன் மட்டும் நம்பவே மாட்டார்.

“மாட்டாதவன்லாம் சுத்தம்னு யாரு சொன்னா மாப்ளே? கெட்டிக்காரனா இருக்கலாம் லா.”

“சாமி மேல சத்தியம் மச்சான், அவரு பச்சத்தண்ணி குடிச்சு அடிச்சவரு!”

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது யாரும் குடியில்லை. கோயில் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் கூடுவோம். மறுநாள் காலை பழைய திடலில், தொழிலாளர் வரிசை வீடுகளாக இருந்த மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் பந்தயம். பள்ளிக்கூடத்து ரவுண்டர்ஸை, கெஞ்சிக் கூத்தாடி பேஸ்பாலாக மாற்றியவன் நான். டென்னிஸ் பந்து, செதுக்கிய கட்டை, நான்கு மூலைக்கும் பழைய டயர்; அடித்துவிட்டு டயர் டயராக ஓடிச் சுற்றினால் ரன், பந்து கால்வாயைத் தாண்டினால் ஹோம் ரன். மச்சான் கீழ் லயத்துக் கேப்டன். எங்கள் மேல் லயம் ஏழு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது, பெரும்பாலும் என்னால்.

இந்த வருடம் காலையிலேயே பயம் வந்துவிட்டது. தெம்புக்காக, தோங்காட் அலி என்ற மலாய் மூலிகை வேர் கலந்த காப்பி இரண்டு பாக்கெட் கலக்கிக் குடித்தேன். பாக்கெட்டில் பாயும் குதிரை. ஊக்கமருந்து என்ற நினைப்பே வரவில்லை. காப்பிதானே!

ஆட்டம் சமமாக இருந்தபோது கடைசி ஆளாக இறங்கினேன். சமமாகவே முடிந்தால் கோப்பை கீழ் லயத்திலேயே தங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கட்டையைச் சுழற்றினேன். பந்து கால்வாயைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்குள் விழுந்தது. ஹோம் ரன்! வெற்றி!

ஆட்கள் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். அவசரத்தில் தலைகீழாகத் தூக்கிவிட்டார்கள். கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு காலி பாக்கெட்டும் கீழே விழுந்தன.

மச்சான் பொறுக்கினார். “அம்பயர்! டோப்பிங்!”

அம்பயர் எங்கள் கோயில் தலைவர். பாக்கெட்டை எட்டப் பிடித்துப் படித்தார். “ஆற்றலும் வேகமும் தரும்னு போட்டிருக்கேப்பா.”

“வெறும் காப்பிங்க தலைவரே.”

“மாட்டுனவன் எல்லாம் அப்படித்தான சொன்னான்,” என்றார் மச்சான்.

சுருக்கென்றது. “வாயத் தொறக்காதீங்கண்ணே, ஜெயிச்சாச்சு,” என்று பின்னாலிருந்து மேல் லயத்து ஆள் ஒருவன் கிள்ளினான். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பந்தை அடித்தது நானா, காப்பியா என்று எனக்கே தெரியவில்லை.

“அந்த ரன் வேணாங்க. மறுபடி அடிக்கிறேன்.”

“வயித்துக்குள்ள இருக்கறத என்ன பண்றது?” என்றார் மச்சான்.

தலைவர் தாடையைத் தடவினார். “அந்த வேரு சூடு. மோரு குளிர்ச்சி. கோயில் பந்தல்ல போயி மூணு டம்ளர் நீர்மோர் குடிச்சிட்டு வா. முறிஞ்சிரும்.”

இந்தத் தீர்ப்பை இரு லயத்திலும் யாரும் எதிர்க்கவில்லை. எல்லோருக்கும் அது சரியான வைத்தியமாகவே பட்டது. மச்சான் கூடவே வந்து, ஒவ்வொரு டம்ளரையும் கவிழ்த்துப் பார்த்தார்.

இந்த முறை கண்ணைத் திறந்தே அடித்தேன். பந்து புல்லில் சோம்பலாக உருண்டது. ஓடினேன். வயிற்றுக்குள் மோர் தளும்பியது. முதல் டயருக்கு இரண்டடி முன்னால் அவுட். கோப்பை போனது. என் ஆட்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

டயரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்தது. இந்த அவுட்டுக்கு எந்தக் காப்பியும் பங்கு கேட்க முடியாது.

மச்சான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். “உங்க அமெரிக்காக்காரரு இப்படி மறுபடி அடிக்கிறேன்னு வந்திருப்பாரா மாப்ளே?”

“வந்திருப்பாருன்னு நம்ப ஆசையா இருக்கு மச்சான்.”

“அப்ப நம்புங்க லா, யாரு வேணாங்கறா? வாங்க, சோறு ஆறுது.”