பால் வழிய விடாத மாணவி

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் நாங்கள் அகதியாக வந்திறங்கிய வில்லரேயில் எங்கள் சமையலறை மேசையில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் படிப்பித்தேன். என்னோடு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த மூன்று பெண்கள்தான் மாணவிகள். "உம்மிட்டப் படிச்சும் அவையள் இங்கிலீஷ் கதைச்சால் அது கடவுள் செயல்தான்," என்பார் என் கணவர்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம் தைப்பொங்கலும் ஞாயிறில் வந்தது. பாடத்தை விட்டுவிட்டுப் பொங்கலுக்கு வாருங்கள் என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பதைப்பு இருந்தது. அடுத்த கிழமை எங்கள் அகதி வழக்கு விசாரணை. பால் நன்றாகப் பொங்கி வழிந்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தேன்.

பனிக்குள் நடந்து மூவரும் விடியவே வந்துவிட்டார்கள். மின்னடுப்பில் பால் பானையை வைத்துவிட்டு விளக்குத் திரியைத் தூண்டத் திரும்பினேன். அதற்குள் பால் நுரைத்து எழும்பியது. மாணவிகளில் ஒருத்தி போர்த்துக்கல்காரி. ஒரே பாய்ச்சலில் வந்து பானையைத் தூக்கிவிட்டாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மற்ற இருவரும் கை தட்டினார்கள்.

"உம்மட மாணவி கெட்டிக்காரி," என்றார் இவர்.

"சும்மா இருங்கோப்பா. பால் வழியேல்லை."

என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். நான் படிப்பித்த ஆங்கிலத்திலேயே கேட்டாள்: "டீச்சர், நான் என்ன பிழை செய்தேன்?"

பால் வழிவதுதான் எங்களுக்கு நல்ல சகுனம், வழக்கு வேறு வருகிறது என்று விளக்கினேன்.

"எங்கள் வீட்டில் பால் வழிந்தால் அம்மா அடிப்பா," என்றாள்.

பிறகு தானே பானையைத் திரும்ப வைத்து, சூட்டை முழுதாகக் கூட்டினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி மாதாவிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"அவவின்ர கையை நல்லாப் பிடிச்சுக்கொள்ளும், பேந்தும் பானையைத் தூக்கிப்போடுவா," என்றார் இவர் என்னிடம்.

பால் மூன்று பக்கமும் வழிந்து புகைந்தது. "பொங்கலோ பொங்கல்" என்றேன். மூவரும் சேர்ந்து கத்தினார்கள். என் வகுப்பில் அவர்கள் ஒருநாளும் அவ்வளவு சத்தமாக வாய் திறந்ததில்லை.

வழக்கு வென்றது. லோயர் நல்லாய்க் கதைத்தார் என்றார் இவர். மாதா கேட்டுவிட்டா என்றாள் அவள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். மாதா கோயிலிலும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். லோயரையும் விடவில்லை; புதிதாகப் பொங்கி இவரிடம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன்.