வயது திருத்துகிறவர்

கந்தையா தேவராசா. ஆண். பிறந்த திகதி, 1 சனவரி 1966. டென்மார்க் அரசின் பதிவு இவரைப் பற்றி இப்படிச் சொல்கிறது. இதில் பெயர் சரி, ஆண் என்பதும் சரி.

மனுசன் பிறந்தது 1959 ஆவணியில். 1986இல் கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இருபது வயசுப் பெடியன் எண்டால் வெள்ளைக்காரன் இரங்குவான். இருபத்தேழு எண்டால் உழைக்க வந்தவன் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவான்" என்று சொல்லி, ஏறக்குறைய ஆறரை வயதைக் கழித்துவிட்டான். சனவரி முதலாந் திகதியும் அவன் போட்டதுதான். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அவர் குடியிருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டில் அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் தமிழர்களைப் பார்த்தால், யாழ்ப்பாணத்துத் தாய்மார் எல்லாரும் பேசிவைத்துப் பெற்றார்களோ என்று தோன்றும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகம், பிறருடைய வயதைத் திருத்துவது. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே புள்ளிவிபரவியல் படித்து, கொப்பன்ஹேகனில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவர். ஏழை நாடுகளில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பள்ளிக்கூடம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் இடம் அது. இந்த வருடம் அவருடைய மேசைக்கு வந்தது உகண்டா.

சனவரியில் அவருக்கு 'அறுபது' ஆனது. அலுவலகத்தில் அவருடைய மேசையில் சின்னச் சின்ன டென்மார்க் கொடிகளை நட்டார்கள். கேக்கை அவரே வாங்கிக்கொண்டு போனார். பிறந்தநாள்காரன்தான் செலவழிக்கவேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். உகண்டாவில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்களுக்குத் தலைவரான ஒகெல்லோ, காணொளி அழைப்பில் கொடிகளைக் கண்டு சிரித்தார்.

"அறுபதோ, சேர்? எங்கட நாட்டில பாதிப்பேருக்கு இன்னும் பதினெட்டே ஆகேல்ல. நீங்கள் இங்க வந்தால் பெடியள் உங்களைப் பார்க்க வரிசையில நிப்பாங்கள்."

"இங்க பாதிப்பேர் நாற்பதைத் தாண்டினவை. என்னைப் பெடியன் எண்டு நினைச்சுத்தான் வேலை வாங்கினம்."

சிரித்து முடிந்ததும் வேலைக்கு வந்தார்கள். ஒரு பகுதியில் பெண்பிள்ளைகளின் வயது கோணலாக இருந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு வெறும் பள்ளம். பதினெட்டில் மட்டும் மலைபோல ஒரு குவியல்.

"பதினெட்டு எண்டால் கலியாணம் கட்டிக் குடுக்கலாம். ஒருத்தரும் கேள்வி கேளாயினம்" என்றார் ஒகெல்லோ. "தகப்பன்மார் சொல்லுற வயசு அது."

"பிள்ளையளிட்டைக் கேட்டால்?"

"அதுகளும் அதைத்தான் சொல்லுங்கள், சேர். சொல்லிச் சொல்லிக் கடைசியில நம்பியிடும்."

தேவராசா தேநீரைக் குடித்தார். நம்பாமலே நாற்பது வருடம் சொல்லவும் முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படியான இடத்தில் வயதைக் கேட்டுப் பயனில்லை. ஊருக்குத் தெரிந்த சம்பவத்தைக் கேட்கவேண்டும். பிள்ளை பிறந்தது பாலம் உடைந்ததற்கு முன்னமா, வெள்ளத்துக்குப் பிறகா என்று ஒகெல்லோவின் ஆட்கள் தாய்மாரிடம் போய் விசாரித்தார்கள். பதினெட்டில் குவிந்திருந்த மலை சரிந்தது. பதினெட்டு வயதுப் பெண்கள் பலர் பதினாறானார்கள், பதினைந்தானார்கள், சிலர் பதினான்கிலும் போய் நின்றார்கள். கலியாணம் முடிந்துவிட்டவர்களுக்கு இந்தத் திருத்தத்தால் என்ன வரப்போகிறது என்பது வேறு கதை. ஆனாலும் பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து காணாமற்போன பிள்ளைகளைத் தேவராசா ஒன்றுவிடாமல் திருப்பிச் சேர்த்தார். அவ்வளவு கவனம்.

வீட்டில் மனைவி யோகமலர் ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கியிருந்தார். முதலில் வீட்டுப் பூட்டின் திறப்பு, பிறகு அடுப்பு, பிறகு தன் தங்கையின் சாவு. அவருக்கு இனி ஆள் பக்கத்தில் வேண்டும். உண்மை வயதுக்கு அரசுப் பென்சன் இந்த ஆவணியிலேயே கிடைக்கும். பிந்திப் பிறந்தவர்களுக்குப் பென்சன் வயதும் ஒன்று கூட என்பதால், பதிவு வயதுக்கு இன்னும் எட்டு வருடம் கிடக்கிறது.

"போய்ச் சொல்லுங்கோவன், வயசு பிழையெண்டு" என்றார் யோகமலர். "எட்டு வருசம் கழிச்சு நீங்கள் வீட்டில வந்து இருக்கேக்கை, ஆரப்பா நீங்கள் எண்டு நான் கேப்பன்."

"அந்தத் திகதியை இழுத்தால் பாஸ்போட்டும் சேர்ந்து வருமப்பா. வந்த அண்டைக்குச் சொன்ன பொய் எண்டு பிடிச்சால் என்ன செய்யிறது?"

"பிடிக்கட்டும். இந்த வயசில எங்க அனுப்பப்போறாங்கள்?"

அப்படியும் தேவராசா போய்ச் சொல்லவில்லை. பயம் விடவில்லை.

வைகாசியில் ஞாபகசக்தியைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாதி முதலில் தேவராசாவைத் தனியே இருத்திக் குடும்ப விபரங்களைக் கேட்டார். மனைவியிடமும் அதையே கேட்டு ஒத்துப்பார்ப்பதுதான் சோதனை. அவருடைய பிறந்த திகதி என்றதும் வாயில் வழக்கம்போலச் சனவரி முதலாந் திகதி வந்தது.

பிறகு தாதி யோகமலரையும் அழைத்தார். என்ன மாதம்? மார்கழி என்றார். தெரு? பிறந்த ஊரின் தெருவைச் சொன்னார். உங்கள் கணவர் எப்போது பிறந்தார்?

யோகமலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேனிஷ் தடுமாறியது; தமிழிலேயே சொன்னார். "அம்பத்தெட்டுக் கலவரத்துக்கு அடுத்த வருசம். நல்லூர்த் திருவிழா நடக்கேக்கை. மாமி சொன்னவ." பிறகு ஐம்பத்தொன்பது, ஆகஸ்ட் என்று டேனிஷில் சேர்த்தார்.

அன்றைக்கு அவர் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். தாதி தன் தாளைப் பார்த்துவிட்டுத் தேவராசா பக்கம் திரும்பி, மனைவி சொன்னது சரியா என்று கேட்டார். யோகமலரும் அவரைப் பார்த்தார்.

தேவராசா, பிழை என்று சொன்னார்.